தில்லையம்பலத்துக்கு வந்த மூன்று போத்தல்

அத்தியாயம் பதினொன்று

போன கிழமை பாலேஸ்வரியை உணவகத்தின் பின்னறையில், கையில் அரைக் கிளாஸ் சிவப்பு வைனோடு நிற்க விட்டுவிட்டு வந்தோம். முதலாளி மனுவேல் அவளிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார். அவள் பதில் சொல்லவில்லை. அப்போதே சொல்லியிருந்தால் இந்த அத்தியாயத்துக்கு வேலை இருந்திராது, எனக்கும் ஒரு கிழமை ஓய்வு கிடைத்திருக்கும்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வரி. பாலேஸ்வரிக்கு வயது ஐம்பத்தொன்று. ஸ்காபரோவில், மோர்னிங்சைட் பக்கம், ஒரு அப்பாட்மென்ற் கட்டடத்தின் எட்டாம் மாடியில் கணவர் தில்லையம்பலத்தோடு இருக்கிறாள். மகன் ஜனார்த்தன் மணம் முடித்து மிசிசாகாவில் இருக்கிறான். பாலேஸ்வரி தினமும் பஸ்ஸும் சப்வேயும் மாறி மாறிப் பிடித்து ரொறன்ரோவின் மறுகோடிக்கு, டன்டாஸ் வீதி மேற்கில் போத்துக்கீசர் கடைகள் வரிசையாக நிற்கிற இடத்துக்குப் போய், மனுவேலின் குசினியில் சமைக்கிறாள். ஏழு வருடமாக அங்கேதான். முதலில் கோப்பை கழுவினாள். பிறகு உப்பில் காய்ந்த மீனை ஊறவைத்து முள் எடுத்தாள். இப்போது அடுப்பில் பாதி அவளுடைய ஆட்சி.

இதெல்லாம் தில்லையம்பலத்துக்குத் தெரியும். தெரியாதவை இரண்டு. இந்தப் புதன்கிழமையைப் பற்றிச் சொல்லுமுன் அந்த இரண்டையும் சொல்லிவிட வேண்டும்.

மனுவேலின் உணவகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூன்றரை மணிக்கு, மத்தியானக் கூட்டம் கலைந்த பிறகு, வேலை செய்கிற எல்லோரும் நீள மேசையில் இருந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். ஆளுக்கொரு சின்னக் கிளாஸ் வைன். கோப்பை கழுவுகிறவருக்கும் உண்டு. அது போத்துக்கல்லில் டாவ் என்கிற மலைப்பக்கத்தில் மனுவேலின் அண்ணன் தோட்டத்துத் திராட்சையில், எங்கள் பேச்சில் முந்திரிகையில், செய்தது. குடிக்காமல் வைத்துவிட்டு எழும்புவது, போட்ட சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு எழும்புவது மாதிரி.

பாலேஸ்வரி முதல் மாதம் தன் கிளாஸை நைசாகக் கொண்டுபோய்க் கழுவுதொட்டியில் ஊற்றினாள். மனுவேலின் மனைவி இதலீனா அதைக் கண்டுவிட்டாள். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

குடிக்கவும் மனமில்லை, கொட்டவும் வழியில்லை. யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு இப்படியான நேரத்தில் மூன்றாவது வழி ஒன்று எப்போதும் தெரியும். வீட்டுக்குக் கொண்டுபோவது. ஒரு ஜாம் போத்தலில் ஊற்றி, மூடியை இறுக்கி, கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். "என்ன அது?" என்று தில்லையம்பலம் கேட்டார். "வினாகிரி. வேலையிலை மிஞ்சினது" என்றாள்.

இதலீனா பன்றி இறைச்சியை வைனிலும் உள்ளியிலும் ஓர் இரவு ஊறவைப்பதைப் பாலேஸ்வரி பார்த்திருந்தாள். தானும் ஆட்டிறைச்சியை அப்படி ஊறவைத்து, மேலே யாழ்ப்பாணத்துத் தூளைப் போட்டுக் கறி வைத்தாள். அந்தக் கறி பேர்பெற்றுவிட்டது. கோயில் நிர்வாகசபைக்காரர் வீட்டுக்கு வந்தால் அதைத்தான் கேட்பார்கள். தில்லையம்பலம் சட்டியை வழித்துச் சாப்பிடுவார். இது முதலாவது.

இரண்டாவது, ஒருநாள் போத்தலிலிருந்தது பழுதாகிவிட்டதோ என்று பார்க்க விரலில் தொட்டு நாக்கில் வைத்ததில் தொடங்கியது. பழுதாகவில்லை. அடுத்த நாளும் தொட்டுப் பார்த்தாள். ஒரு வருடத்தில் விரல் அரைக் கிளாஸாயிற்று. செவ்வாய்க்கிழமை ஊற்றியதும் வியாழக்கிழமை ஊற்றியதும் ஒன்றில்லை என்று அவளுக்குத் தெரிய ஆரம்பித்தது. ஒருநாள் மனுவேல் புதுப் போத்தலைத் திறந்து ஊற்றும்போது, "இது ஈரச் சாக்கு மணக்குது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இதலீனா வாங்கி மணந்து பார்த்துவிட்டு, தக்கை பழுது என்று போத்தலை அப்படியே ஊற்றினாள். அன்றிலிருந்து மனுவேலின் உணவகத்துக்கு வருகிற வைன் எதுவும் பாலேஸ்வரியின் மூக்கைத் தாண்டாமல் மேசைக்குப் போவதில்லை.

மனுவேலின் கேள்வி இந்த மூக்கிலிருந்துதான் வந்தது. ஒவ்வொரு செப்டெம்பரும் அவரும் இதலீனாவும் முந்திரிகை வெட்டுக்குப் போத்துக்கல் போவார்கள். பத்து நாள். திரும்பி வரும்போது அடுத்த வருடத்து வைன்களைத் தெரிவு செய்துகொண்டு வருவார்கள். இந்த முறை பாலேஸ்வரியும் வரவேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

இனிப் புதன்கிழமைக்கு வருவோம்.

அன்று சாப்பாட்டு மேசையில் மனுவேல் மூன்று போத்தல்களைத் திறந்தார். முதலாவது வெள்ளை. அதற்குப் பச்சை வைன் என்று பெயர். இளசாக இருக்கும்போதே குடிப்பதால் அந்தப் பெயராம். சுட்ட சாளை மீனில் ஒரு துண்டை வாயில் போட்டு, பின்னால் அதை ஒரு மிடறு குடித்தாள். தேசிக்காய்த் தோலின் மணம். நாக்கு நுனியில் சின்னச் சின்னதாக ஒரு குத்து. மீனின் எண்ணெய் போன இடம் தெரியவில்லை.

"இது மீனுக்கென்றே பிறந்தது" என்றாள்.

இரண்டாவது வழக்கமான டாவ் சிவப்பு. அது கொஞ்சம் கூச்சப்படுகிற வைன், முதலில் வாய் திறக்காது. கிளாஸை இரண்டு தரம் சுழற்றி, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் குடித்தால் நாவற்பழம் வரும், பிறகு மிளகு. விழுங்கிய பின்னும் நாவற்பழம் தின்ற மாதிரி ஒரு துவர்ப்பு நாக்கில் நின்றுகொண்டிருக்கும். மூன்றாவது போர்ட். பனங்கட்டியையும் முந்திரிகை வற்றலையும் போட்டுக் காய்ச்சியதுபோலத் தடிப்பாக இருந்தது. அதில் ஒரு சொட்டுக்கு மேல் அவள் எடுப்பதில்லை.

பாலேஸ்வரிக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த மேசையில் அவள் யாருடைய மனைவியும் இல்லை, யாருடைய தாயும் இல்லை. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று ஆறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

மனுவேலின் ஆங்கிலமும் அவளுடைய ஆங்கிலமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் நடக்கும். தமிழில் சொன்னால் இப்படி வரும்.

"பாலா, நாளைக்கு எனக்குப் பதில் வேண்டும். டிக்கெற் எடுக்க வேண்டும். உன் கணவர் என்ன சொன்னார்?"

"இன்னும் கேட்கவில்லை."

"ஒரு கிழமையாகவா?"

"அவருக்கு வேலை கூட."

மனுவேல் மீசையைத் தடவினார். அவர் ஊரில் ஒருவருடைய மனைவியைத் தூர இடத்துக்கு அழைப்பதென்றால், அந்த மனிதருக்கு முதலில் மரியாதை செய்ய வேண்டும். உள்ளே போய், திறக்காத போத்தல்கள் மூன்று, அதே மூன்று வகையில், எடுத்து ஒரு பெட்டிக்குள் வைத்தார். தடித்த பேனையால் பெட்டியின் மேல் மிஸ்ரர் தில்லை என்று எழுதினார்.

"இதை அவரிடம் கொடு. என் மரியாதை என்று சொல். இதலீனாவும் கூட வருகிறாள் என்று சொல்."

தில்லையம்பலத்தின் பேரை அந்தப் பெட்டியில் பார்க்கப் பாலேஸ்வரிக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கினாள். வேறென்ன செய்வது?

அவளோடு வேலை செய்கிற கிளடிஸ் அதே கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருக்கிறாள். அன்று நான்கு மணிக்கு அவளை ஏற்ற அவள் கணவன் அல்பேட் காரோடு வந்து நின்றான்.

"கிளடிஸ், இந்தப் பெட்டியைக் காரிலை கொண்டுபோய் உன்ரை வீட்டிலை வைச்சிரு. நான் பிறகு வந்து எடுக்கிறன்."

"ஓம் அக்கா. நீங்கள் யோசிக்காதேங்கோ."

கிளடிஸ் யோசிக்க வேண்டாம் என்று சொன்னால் அன்றைக்குத்தான் கட்டாயம் யோசிக்க வேண்டும். பாலேஸ்வரிக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

ஐந்தரைக்குச் சப்வேயில் ஏறி இருந்தபோது அவள் பேச வேண்டியதைப் பாடமாக்கத் தொடங்கினாள். சமையல் பழகப் போத்துக்கலுக்கு அனுப்புகிறார்கள் என்று சொல்லலாம். சமையல் என்றால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். வைன் என்ற சொல்லை வாயில் எடுக்கத் தேவையில்லை. பெட்டி கிளடிஸ் வீட்டில் கிடந்துவிட்டுப் போகட்டும்.

அவளுடைய பயத்துக்குக் காரணம் தில்லையம்பலத்தின் கோபமில்லை. அவர் கோபக்காரரே இல்லை. காரணம் ஒரு நேர்த்தி.

எண்பத்தேழாம் ஆண்டு வைகாசியில் ஆமி வடமராட்சிக்குள் வந்து இளம் பெடியன்களை ஏற்றிக்கொண்டு போனபோது, பத்தொன்பது வயது ஜனார்த்தனையும் ஏற்றினார்கள். தெற்கே பூசா முகாமில் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டார்கள். உயிரோடு இருக்கிறானா என்று யாருக்கும் தெரியாது. அப்போது தில்லையம்பலம் கச்சேரியில், அதுதான் அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர். வேலை முடிந்து வரும் வழியில் தவறணையில் ஒரு போத்தல் கள்ளுக் குடிக்கிறவர். வெறிக்கக் குடிக்கிறவரில்லை, ருசிக்குக் குடிக்கிறவர். மணந்து பார்த்தே எந்த நேரத்துக் கள்ளு, தண்ணீர் கலந்ததா இல்லையா என்று சொல்லுவார். ஒற்றைப் பனைக் கள்ளில்லாமல் கலப்பைத் தந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அவர் செல்வச் சந்நிதிக்கு நடந்து போய் முருகனுக்கு முன்னால் நின்று சொன்னார், மகன் வந்து சேர்ந்தால் இனி இந்த நாக்கில் குடி படாது என்று. மகன் வந்து சேர்ந்தான். இரண்டு விலா எலும்பு முறிந்திருந்தது, ஆனால் வந்தான். பத்து வருடமாகத் தில்லையம்பலம் சொன்ன சொல்லில் நிற்கிறார். இருமல் மருந்து வாங்கினால்கூட அதில் என்ன கிடக்கிறது என்று வாசித்துவிட்டுத்தான் குடிப்பார்.

அந்த மனிதருக்குத்தான் ஏழு வருடமாக வைனில் ஊறிய இறைச்சி.

மோர்னிங்சைட் பஸ்ஸால் இறங்கும்போது வெயில் இன்னும் இருந்தது. எட்டாம் மாடிக்குப் போய்க் கதவைத் திறந்தாள்.

சாப்பாட்டு மேசையில் பத்திரிகையை விரித்து, அதன்மேல் மூன்று போத்தல்களை வரிசையாக வைத்திருந்தார் தில்லையம்பலம். பக்கத்தில் ஜாம் போத்தல். அதற்குப் பக்கத்தில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பிளாஸ்ரிக் பெட்டி. அதில் ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய இறைச்சிக் கறி. வாசிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விளங்காத போத்துக்கீச எழுத்துகளைக் கச்சேரிக் கோப்பை வாசிப்பதுபோல மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டிருந்தார்.

"அல்பேட் வந்தவன்" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

பாலேஸ்வரி செருப்பைக் கழற்றினாள். இரண்டாவது செருப்பைக் கழற்றக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

"பெட்டியிலை என்ரை பேர் கிடந்ததாம். ஆம்பிளையின்ரை பேர் போட்ட சாமானை அவர் கையிலை குடுக்காமல் தன்ரை வீட்டிலை வைச்சிருக்க மனம் வரேல்லையாம். நல்ல பெடியன்."

"ஓம்."

"இன்னொண்டும் சொன்னவன். உம்மடை இறைச்சிக் கறியின்ரை ரகசியம் உந்தச் சிவப்புப் போத்தல்தானாம். கிளடிஸும் ஒருக்கால் செய்து பாத்தவவாம். உம்மடை மாதிரி வரேல்லையாம்."

தில்லையம்பலம் ஜாம் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது வினாகிரி எண்டெல்லோ சொன்னனீர்?"

"ஓம்."

"எத்தினை வருசம்?"

"ஏழு."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கோபம் வந்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் முகத்தில் இருந்தது பயம். மகனைத் தேடி முகாம் முகாமாக அலைந்த காலத்தில் இருந்த அதே முகம். அதைப் பார்த்ததும் பாலேஸ்வரிக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"நேர்த்தி தெரிஞ்சும் போட்டனீரோ?"

"கொதிச்சால் அதிலை உள்ள குடி ஆவியாய்ப் போயிடும். இதலீனா சொன்னவ."

"நேர்த்தி வைச்சது இதலீனாவோ?"

அவள் கதிரையை இழுத்து அவருக்கு எதிரே இருந்தாள்.

"இஞ்சரப்பா, இந்த ஏழு வருசத்துக்குள்ளைதான் அவனுக்கு எயாப்போட்டிலை வேலை கிடைச்சது. கலியாணம் நடந்தது. ஒரு குறையும் வரேல்லை."

"கடவுளோடை வழக்குப் பேசாதையும்."

"பேசேல்லை. எனக்கும் பயம்தான். தொண்ணூற்று மூண்டிலை சினோப் பனிக்குள்ளை அவன்ரை கார் சறுக்கினதெல்லோ. அண்டைக்கே நான் நிப்பாட்டிட்டன். ஒரு மாசம் போடேல்லை."

"பிறகு ஏன் போட்டனீர்?"

"நீங்கள்தான் கேட்டனீங்கள், கறி ஏன் முந்தின மாதிரி இல்லையெண்டு. மூண்டு ஞாயிற்றுக்கிழமை கேட்டனீங்கள்."

கேட்டது அவருக்கு ஞாபகம் இருந்தது. நிர்வாகசபைத் தலைவருக்கு முன்னாலும் ஒரு தரம் கேட்டிருந்தார்.

எழும்பிப் போய்த் தொலைபேசியை எடுத்து மகனுக்கு அடித்தார். பாலேஸ்வரிக்கு இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும் கேட்டது.

"ஜனா... ஓம், அப்பாதான். ஒண்டுமில்லை, சும்மா எடுத்தனான். சாப்பிட்டியோ?... உடம்பு எப்பிடி? முந்தி முறிஞ்ச பக்கம், நெஞ்சுப் பக்கம், நோ கீ ஒண்டும் இல்லையோ?... சும்மாதான் கேட்டனான் எண்டுறன்... சரி. காரை மெல்லமா ஓடு."

ரிசீவரை வைத்துவிட்டு வந்து இருந்தார்.

"நல்லாத்தான் இருக்கிறானாம்."

பிறகு அவர் இன்னொரு கேள்வி கேட்டார். அது வரும் என்று பாலேஸ்வரி எதிர்பார்க்கவில்லை.

"நீரும் குடிக்கிறனீரோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். அப்படி நம்பிவிடுவார் என்பதுதான் அவளைத் தடுத்தது.

"ஓம். அரைக் கிளாஸ். பின்னேரச் சாப்பாட்டோடை."

"முதலாளி குடிக்கச் சொல்லுறவரோ?"

"இல்லை."

"குளிருக்கோ?"

"இல்லை."

"அப்ப ஏன்?"

"எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள் பாலேஸ்வரி.

முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் தில்லையம்பலத்துக்குப் பிடித்தது, மகனுக்குப் பிடித்தது எல்லாம் அந்த வீட்டில் பேசப்பட்டிருக்கிறது. பாலேஸ்வரிக்குப் பிடித்தது என்று ஒன்றைப் பற்றிப் பேச்சு வந்ததாக இருவருக்கும் ஞாபகமில்லை. தில்லையம்பலம் அவளைப் பார்த்தார். பிறகு போத்தலைப் பார்த்தார்.

"உதின்ரை தக்கையைத் திறக்கிற சாமான் இருக்கோ?"

அவள் கைப்பையைத் திறந்து தக்கை திறப்பானை எடுத்து மேசையில் வைத்தாள். அது அங்கே மூன்று வருடமாகக் கிடக்கிறது. தில்லையம்பலம் அதையும் பார்த்தார்.

"சந்நிதியிலை நான் என்ன சொன்னனான்? இந்த நாக்கிலை குடி படாது எண்டு. மூக்கைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை" என்றார். "மூண்டையும் திறவும்."

கச்சேரியில் இருந்தவர் கச்சேரியில் இருந்தவர்தான். வைன் கிளாஸ் அந்த வீட்டில் ஏது? தேத்தண்ணீர் குடிக்கிற கிளாஸ் மூன்றில் அவள் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள்.

வெள்ளையை எடுத்து மூக்குக்குக் கிட்டப் பிடித்தார். கண்ணை மூடினார்.

"விடியக்காலமை இறக்கினது மாதிரி" என்றார். "இளசு. இன்னும் நுரைக்குது."

பாலேஸ்வரி அவரையே பார்த்தாள். ஏழு வருடமாகத் தனக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த மூக்கு இந்த வீட்டில் இரண்டு இருந்திருக்கிறது.

போர்ட்டை மணந்துவிட்டு, "பாணி, சரியான இனிப்பு" என்று தள்ளிவைத்தார். சிவப்பை எடுத்து மணந்தார். பிறகு பிளாஸ்ரிக் பெட்டியின் மூடியைத் திறந்து கறியை மணந்தார். திரும்பவும் கிளாஸை மணந்தார்.

"இதுதான்" என்றார். "கறி வாயிலை வைச்சவுடனை வராது. விழுங்கின பிறகு பின்னாலை வரும். நான் கறுவா எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்."

மூடியை அழுத்தி மூடி, கறிப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினார்.

"இனி எனக்கு உது போடாமல் ஒரு சட்டி வையும். நீர் உதைச் சாப்பிடும்."

அவர் எதை விடுகிறார் என்று பாலேஸ்வரிக்குத் தெரியும். வாரம் முழுக்கப் பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் நின்று வேலை செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அந்தக் கறிக்காகக் காத்திருக்கிற மனிதர் அவர். அவளுக்குக் கண் கலங்கியது. சேலைத் தலைப்பு இல்லாததால் உணவகத்துச் சட்டையின் கையால் துடைத்துக்கொண்டாள்.

"சரி, இனிச் சொல்லும்" என்றார். "ஒருத்தன் சும்மா மூண்டு போத்தல் தந்துவிடமாட்டான். என்ன கேக்கிறார் உம்மடை முதலாளி?"

சப்வேயில் பாடமாக்கியது நாக்கு நுனியில் இருந்தது. சமையல் பழக. இரண்டே சொல். அவள் அதை விட்டுவிட்டாள்.

"போத்துக்கல்லுக்கு வரச் சொல்லிக் கேக்கிறார். செப்டெம்பரிலை பத்து நாள். முந்திரிகை வெட்டு. அவையள் வைன் தெரிவுசெய்யேக்கை நானும் நிக்கவேணுமாம். அவற்றை மனிசியும் வாறா. எனக்குப் போக விருப்பமாக் கிடக்கு."

தில்லையம்பலம் விரலால் மேசையில் தட்டினார்.

"நேர்த்தி ஜனாவுக்காக வைச்சது. முறிஞ்சிட்டுதோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியேல்லை. சனிக்கிழமை அவன் வரட்டும். அவனுக்கு எல்லாத்தையும் சொல்லுவம். அதுக்குப் பிறகு உம்மடை பயணத்தைப் பாப்பம்."

"மனுவேல் நாளைக்குப் பதில் கேக்கிறார்."

"நாளைக்கோ?"

"ஓம். நான் ஓம் எண்டு சொல்லப்போறன்." கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தாள். "ஒளிச்சு ஒளிச்சு எனக்கும் அலுத்துப்போச்சு. இனி உங்களிட்டை ஒண்டும் ஒளிக்கமாட்டன். அதுதான் போகமுந்தியே சொல்லுறன்."

அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிவப்பு இருந்த கிளாஸை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இதை என்ன செய்யப் போறீர்? ஊத்தப் போறீரோ?"

"ஊத்தட்டோ?"

"வேண்டாம். குடிச்சிட்டுச் சொல்லும், எப்பிடி இருக்கெண்டு."

கணவனுக்கு முன்னால் பாலேஸ்வரி முதல் தடவையாக ஒரு மிடறு வைன் குடித்தாள். கன்னம் சூடாயிற்று. அது வைனாலா வெட்கத்தாலா என்று அவளுக்கே தெரியவில்லை.

"முதல் ஒண்டும் தெரியாது" என்றாள். "பிறகு நாவல்பழம். நல்லாப் பழுத்துக் கீழை விழுந்தது. பிறகு மிளகு."

"துவர்ப்பு?"

"கடைசியிலை வருது."

"எவ்வளவு நேரம் நிக்குது?"

அவள் நாக்கை அண்ணத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் நிக்குது" என்றாள்.

"நல்ல சாமான்" என்றார் தில்லையம்பலம், தானே குடித்ததுபோல.

அப்போது தொலைபேசி அடித்தது. அவள் எழும்பிப் போய் எடுத்தாள்.

"அம்மா, நான் ஜனா. அப்பா பக்கத்திலையோ நிக்கிறார்?"

"ஓம் ராசா. ஏன்?"

"அப்பாவுக்கு ஆர் சொன்னது?"

"எதை?"

பின்னணியில் விமானம் ஒன்று ஏறுகிற இரைச்சல் கேட்டது.

"என்ரை நெஞ்சைப் பற்றி. முறிஞ்ச பக்கம் ஒரு மாசமா நோகுது. படம் எடுத்தவை, ஏதோ நிழல் மாதிரித் தெரியுதாம். நாளைக்கு ஆஸ்பத்திரியிலை இன்னொரு ரெஸ்ற் இருக்கு. பெரிசா ஒண்டும் இராது எண்டுதான் டொக்டர் சொன்னவர். உங்களுக்குச் சொல்லாமல் முடிச்சிடலாம் எண்டு பாத்தன். அப்பா எடுத்து நெஞ்சு நோகுதோ எண்டு கேட்டவுடனை எனக்கு ஒரு மாதிரிப் போச்சு. அவருக்குத் தெரியாதெண்டால் விடுங்கோ. சொல்லாதேங்கோ அம்மா. அவர் தாங்கமாட்டார்."

பாலேஸ்வரி ரிசீவரை மெல்ல வைத்தாள். வாயில் துவர்ப்பு இன்னும் இருந்தது.

தில்லையம்பலம் போத்தலின் தக்கையைத் திரும்பவும் அழுத்திப் பூட்டிக்கொண்டிருந்தார். முகம் தெளிந்திருந்தது. வீட்டுக்குள் வந்ததிலிருந்து இப்போதுதான் அவர் முகத்தை அப்படிப் பார்க்கிறாள்.

"ஆர், ஜனாவோ?" என்று கேட்டார். "என்னவாம்?"

இனி ஒன்றும் ஒளிக்கமாட்டேன் என்று அவள் சொல்லிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.